பிஞ்சுச் செவியும் பொன் தோடும்



சென்ற மாதம் ஒரு நாள் அஸர் தொழுகையை முடித்துக்கொண்டு மயிலாப்பூர் கச்சேரி சாலைப் பள்ளிவாசலிலிருந்து வெளியே வந்தேன். எதிர்ப்புறத்தில் என் லாத்தாவின் மகள் ஐந்து மாதக் கைக்குழந்தையைத் தோளில் சாய்த்தபடி நின்றிருந்தாள். ஸலாம் சொன்னவள், “மாமா, வீட்டுக்கு வந்துவிட்டுப் போங்கள். ஒரு மஸ்அலா கேட்க வேண்டும்” என்றாள். குரலில் சோர்வு தெரிந்தது.

வீட்டில் செய்தி விளங்கியது. குழந்தைக்குக் காது குத்த நாள் குறித்தாகிவிட்டது. இருநூறு பேருக்கு பிரியாணி, சிறியதொரு மண்டபம், அச்சடித்த அழைப்பிதழ். குழந்தையின் தாய்மாமன், அதாவது இவளுடைய தம்பி, ஒரு பவுனில் சங்கிலியும் அரைப் பவுனில் தோடும் கொண்டுவர வேண்டும் என்று மாமியார் வீட்டில் எதிர்பார்க்கிறார்கள். அந்தத் தம்பிக்கு வேலை கிடைத்து எட்டு மாதமே ஆகிறது. அவன் நகைக்கடன் வாங்க அலைந்துகொண்டிருக்கிறான். இவளுடைய கணவரோ படித்தவர். குழந்தை வளர்ந்து அவளாகக் கேட்கும்வரை அவள் உடம்பில் ஊசி வைக்க யாருக்கும் உரிமையில்லை என்று ஒரே பிடியாக நிற்கிறார். பெண் குழந்தையை மூளிக் காதோடு விடுவது குடும்பத்துக்கு இழுக்கு என்பது அவருடைய தாயாரின் கட்சி. இருவருமே தத்தம் பேச்சுக்கு மார்க்கத்தைத் துணைக்கு அழைக்கிறார்கள்.

“குத்தாவிட்டால் பாவமா மாமா? குத்தினால் பாவமா? இரண்டில் ஒன்றைச் சொல்லுங்கள்” என்றாள்.

இருபது ஆண்டுகளுக்கு மேலாக மதரஸாவில் பாடம் நடத்துகிறவனுக்கு இதற்கு மறுமொழி சொல்வது கடினமன்று. ஆனாலும் அன்று எனக்கு நா எழவில்லை. அதன் காரணத்தை முதலில் சொல்லிவிட்டு மஸ்அலாவுக்கு வருகிறேன்.

2001ஆம் ஆண்டு. தமிழிலக்கியத்தில் பட்டம் பெற்று, ஓதி முடித்து, மதரஸாவில் மாதம் இரண்டாயிரம் ரூபாய் சம்பளத்துக்கு நான் சேர்ந்திருந்த நேரம். இதே மயிலாப்பூரில், இதே பெண்ணுக்கு, அவள் ஏழு மாதக் குழந்தையாயிருந்தபோது காது குத்தினார்கள். தாய்மாமன் நான்தான். மொட்டை மாடியில் பந்தல். மாடவீதியிலிருந்து ஒரு பத்தர் வந்திருந்தார். பாயில் சப்பணமிட்டு அமர்ந்த என் மடியில் குழந்தையை வைத்து, வாயில் சர்க்கரையைத் தடவி, இரு காதிலும் மையால் புள்ளி வைத்தார்கள். வலக்காதில் பொன் கம்பி நொடியில் ஏறியது. குழந்தைக்கு என்ன நடந்ததென்று விளங்கு முன்பே அது முடிந்துபோயிற்று. இடக்காதுக்குத்தான் வினை. பிள்ளை பெற்றவர்கள் அறிவார்கள்: இரண்டாவது காதுக்கு எந்தக் குழந்தையும் ஏமாறுவதில்லை. வீறிட்டுத் திமிறியது. தலையைப் பிடித்திருந்த என் கை, அந்த அழுகையைத் தாங்க மாட்டாமலோ என்னவோ, சற்றே தளர்ந்தது. கம்பி மைப்புள்ளிக்குக் கீழே, சோணையின் ஓரத்தில் ஏறிவிட்டது. மறுபடி குத்தினால் குழந்தை தாங்காது, இருக்கட்டும் என்றார்கள். பந்தலில் பிரியாணி பரிமாறத் தொடங்கியிருந்தார்கள்.

மூன்று வாரம் அந்தக் காதில் சீழ் வடிந்தது. மஞ்சளும் தேங்காயெண்ணெயும் குழைத்துப் பூசினார்கள். பிறகு மருத்துவரிடம் காட்டி மருந்து கொடுத்தார்கள். புண் ஆறியது, துளை ஓரத்திலேயே தங்கிவிட்டது. பெண் வளர வளர, தொங்கும் ஜிமிக்கியின் பாரம் அந்த மெல்லிய சதையை இழுத்துக்கொண்டே வந்து, பதினாறாம் வயதில் ஒரு பெருநாளன்று காது கிழிந்து தோடு கையில் வந்தது. நிகாஹுக்கு முன்பு தையல் போட்டுச் சரிசெய்தார்கள். இன்றும் கூர்ந்து பார்த்தால் தழும்பு தெரியும்.

சீர் செய்த கதையையும் மறைக்கக் கூடாது. அன்று பவுன் விலை மூவாயிரத்து ஐந்நூறு ரூபாய்க்குச் சற்றே குறைவு. என் சம்பளத்துக்கு அதுவே மலை. உம்மாவின் வளையலை அடகுக் கடையில் வைத்துச் சங்கிலி வாங்கினேன். அதை மீட்கப் பதினான்கு மாதங்கள் ஆயின. பகலில் பிள்ளைகளுக்கு வட்டி ஹராம் என்று பாடம் சொல்லிவிட்டு, மாலையில் அடகுக் கடைக்கு வட்டி கட்டப் போன உஸ்தாது நான். அந்தத் தெருவில் என் மாணவன் எவனும் எதிர்ப்பட்டுவிடக் கூடாதே என்று தலை குனிந்து நடந்தது இன்னும் நினைவிருக்கிறது.

இனி மஸ்அலாவுக்கு வருவோம்.

குழந்தை பிறந்த ஏழாம் நாள் பெயர் சூட்டுவதும், முடி களைவதும், அகீகா கொடுப்பதும் நாமறிந்த சுன்னத்துகள். காது குத்துவதையும் அந்த ஏழாம் நாள் சுன்னத்துகளோடு சேர்த்துச் சொல்லும் ஓர் அறிவிப்பு தப்ரானீ அவர்களின் தொகுப்பில் உண்டு. அதன் அறிவிப்பாளர் வரிசை பலவீனமானதென்று ஹதீஸ் கலை அறிஞர்கள் கூறியிருக்கிறார்கள். ஆகவே காது குத்துவது சுன்னத்து, அதை விட்டால் குற்றம் என்று எந்த மாமியாரும் மருமகளை அச்சுறுத்த வழியில்லை.

மறுபுறம், அது ஹராம் என்பதற்கும் ஆதாரம் தேடினார்கள். கால்நடைகளின் காதுகளை அறுக்குமாறு மனிதர்களை ஏவுவேன் என்று ஷைத்தான் சூளுரைத்ததைத் திருக்குர்ஆனின் நிஸா அத்தியாயம் 119ஆம் வசனம் எடுத்துச் சொல்கிறது. காதைத் துளைப்பதும் அதில் அடங்காதோ என்று சிலர் கேட்டார்கள். ஹிஜ்ரி 751இல் மறைந்த இமாம் இப்னுல் கையிம், குழந்தைகள் பற்றிய சட்டங்களுக்கென்றே எழுதிய ‘துஹ்ஃபத்துல் மவ்தூத்’ என்னும் நூலில் இதற்கு மறுமொழி தருகிறார். அறியாமைக் காலத்தார் ஒட்டகங்களின் காதைக் கிழித்துச் சிலைகளுக்கு நேர்ந்துவிட்டதோடு, பெண் மக்கள் அணி பூணுவதற்காகக் காது குத்துவதை ஒப்பிடலாகாது என்பது அவர் வாதம். பெண் குழந்தைக்கு ஆகும், ஆண் குழந்தைக்கு வெறுக்கத்தக்கது என்று அவர் முடிக்கிறார். நபிகளார் காலத்தில் நடந்தும் தடுக்கப்படவில்லை என்பதைக் காட்டி ஹனஃபி நூல்களும் பெண் குழந்தைக்குக் குற்றமில்லை என்கின்றன.

அந்த நடப்புக்குச் சான்றுகள் என்ன? இப்னு அப்பாஸ் (ரலி) அறிவிக்கும் பெருநாள் நிகழ்ச்சி புகாரீயில் உள்ளது. நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் தொழுகைக்குப்பின் பிலால் (ரலி) அவர்களுடன் பெண்கள் பகுதிக்கு வந்து தர்மம் செய்யத் தூண்டியபோது, பெண்கள் தங்கள் காதணிகளையும் கழுத்தணிகளையும் கழற்றிக் கொடுத்தார்கள். இன்னொன்று, அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள் விரிவாகச் சொல்லும் உம்மு ஸர்உ என்ற பெண்ணின் கதை. தன் கணவர் தன் காதுகளை அணிகலன்களால் நிரப்பியதை அவள் பெருமையோடு நினைவுகூர்கிறாள்.

இந்த இடத்தில் கடலோரத் தமிழ் முஸ்லிம்களாகிய நாம் அதிகம் பேசாத ஒன்றைச் சொல்ல வேண்டும். நாம் பின்பற்றும் ஷாஃபி மத்ஹபின் மாபெரும் அறிஞரான இமாம் கஸ்ஸாலீ தம் இஹ்யாவில் இதைக் கடுமையாகத் தடுத்திருக்கிறார். காது குத்துவது வலி தரும் காயம்; இரத்தம் குத்தி எடுப்பது, கத்னா போன்ற முக்கியத் தேவைக்கன்றி அப்படிக் காயப்படுத்தலாகாது; பொன் அணிவது அத்தகைய தேவையன்று; வேண்டுமானால் காதின்மேல் தொங்கவிடலாம், கழுத்திலும் கையிலும் அணியலாம்; இதற்குக் கூலி பேசுவதும் கூலி பெறுவதும் கூடாது என்று எழுதிச் செல்கிறார். அப்படி எழுதியவர், இதற்கு அனுமதி தரும் அறிவிப்பு ஏதும் உறுதியானாலன்றி என்று ஒரு விலக்கும் வைத்து, அத்தகைய அனுமதி இதுவரை தமக்கு எட்டவில்லை என்றும் சேர்த்திருக்கிறார். அத்தனை பெரிய இமாமின் அடக்கத்தைப் பாருங்கள். பின்வந்தவர்கள் மேற்சொன்ன இரு ஹதீஸ்களையும் அந்த அனுமதியாகக் காட்டினார்கள். புகாரீக்கு விரிவுரை எழுதிய இப்னு ஹஜர் அஸ்கலானீ அதிலும் ஒரு நுட்பம் கண்டார்: காதணி இருந்தது என்பதாலேயே காதில் துளை இருந்தது என்றாகிவிடாது, மெல்லிய சங்கிலியால் தலையில் மாட்டித் தொங்கவிட்டிருக்கவும் கூடுமே!

நம் உம்மம்மாமார் இந்த விவாதத்தை அறிந்திருக்கவில்லை. சோணையில் மட்டுமா, காதின் மேல்விளிம்பு நெடுகிலும் துளையிட்டு அலுக்கத்து அணிந்தார்கள். என் உம்மம்மாவின் காதை எட்டு வயதில் நான் எண்ணிப் பார்த்திருக்கிறேன். ஒரு காதில் மட்டும் ஏழு துளைகள். வலித்ததா என்று கேட்டதற்கு, காய்ச்சல் வந்தது என்று மட்டும் சொன்னார்கள்.

அறிஞர் பெருமக்களில் மிகுதியோர் பெண் குழந்தைக்கு அனுமதி என்றே சொல்கிறார்கள். நானும் அதையே ஏற்கிறேன். ஆனால் அந்த ஹதீஸ்களில் தோடு கழற்றிய பெண்கள் வளர்ந்தவர்கள், தாமே மனமுவந்து தர்மம் செய்தவர்கள். உம்மு ஸர்உ ஒருவரின் மனைவி. நாற்பதாம் நாள், ஐந்தாம் மாதம் என்ற கணக்கு அங்கே எங்கும் இல்லை. இந்தக் கணக்கு நமக்கு எங்கிருந்து வந்தது?

நாம் வாழும் மண்ணிலிருந்து வந்தது. குழந்தைக்கு ஆறாம் அல்லது ஏழாம் மாதத்தில் காது குத்த வேண்டும், ஆணுக்கு வலச்செவியும் பெண்ணுக்கு இடச்செவியும் முதலில் என்று பழைய மருத்துவ நூலான சுசுருத சங்கிதை வகுத்திருக்கிறது. காது பழுத்தாலும் கிழிந்தாலும் சோணையை ஒட்டித் தைக்கப் பதினைந்து முறைகளையும் அதே நூல் சொல்கிறது. குத்துவதால் வரும் கேட்டை அன்றே கண்டிருக்கிறார்கள்! கண்ணனைக் காது குத்த அழைக்கும் யசோதையின் மொழியாகப் பெரியாழ்வார் பத்துக்கு மேற்பட்ட பாசுரங்கள் பாடியிருப்பதைக் கல்லூரியில் பாடம் கேட்டிருக்கிறேன். கபாலீசுவரர் கோயிலைச் சுற்றியுள்ள மாடவீதிகளில் நகைக்கடைகளுக்குக் குறைவில்லை. குழந்தையைத் தூக்கிக்கொண்டு காது குத்த வரும் குடும்பங்களை அங்கே எந்த நாளும் காணலாம். அடுத்த தெருவில் வாழ்கிற நமக்கு அவ்வழக்கம் தொற்றியதில் வியப்பில்லை, வெட்கமுமில்லை. அண்டை அயலாரோடு பகிர்ந்துகொண்ட நாட்டு வழக்கத்தை மார்க்கக் கடமை என்று பெயர் மாற்றிச் சொல்வதுதான் தவறு.

இனி, இப்பெண்ணின் கணவர் சொன்ன உரிமை வாதம். அது வெறும் வீம்பன்று. உலகெங்கும் பேசப்படுகிற வாதம். 2012ஆம் ஆண்டு ஜெர்மனியில் நடந்ததை நம் வாசகர்கள் சிலர் மறந்திருக்கலாம். அவ்வாண்டு மே மாதம் கொலோன் நகர நீதிமன்றம், நான்கு வயது முஸ்லிம் சிறுவனுக்குச் செய்யப்பட்ட கத்னா உடற்காயக் குற்றமாகும் என்று கூறியது. மருத்துவர் விடுவிக்கப்பட்டாலும் அத்தீர்ப்பு முஸ்லிம்களையும் யூதர்களையும் ஒருசேரக் கலங்கச் செய்தது. சட்டத்தைத் தெளிவாக்கி, பெற்றோர் விருப்பப்படி கத்னா செய்ய இடமளிக்கும் விதியை அந்நாட்டுப் பாராளுமன்றம் டிசம்பரில் இயற்றியது. இந்தக் கொந்தளிப்பின் நடுவே, ஆகஸ்டு மாத இறுதியில், பெர்லினின் லிஷ்டன்பெர்க் பகுதி நீதிமன்றத்துக்கு ஒரு சிறு வழக்கு வந்தது. மூன்று வயதுப் பெண் குழந்தைக்குப் பச்சை குத்தும் கடை ஒன்றில் காது குத்தினார்கள். சரியான இடத்தில் துளை விழவில்லை, குழந்தை வலியால் துன்புற்றது என்று பெற்றோர் இழப்பீடு கேட்டார்கள். எழுபது யூரோவில் வழக்குச் சமரசமாகியது. ஆனால் நீதிபதி வேறொரு வினாவை எழுப்பினார்: கடைக்காரர் மட்டுமா, காது குத்த அழைத்துவந்த பெற்றோரும் குழந்தையைக் காயப்படுத்தியவர்கள் ஆக மாட்டார்களா?

கத்னாவையும் காதுகுத்தையும் ஒரே தட்டில் வைத்து, இரண்டையும் விலக்கு என்போரும் இரண்டையும் விடு என்போரும் அன்று உண்டு. நம் நிலை என்ன? குழந்தை கேட்காமல் அதன் உடம்பைத் தொடவே கூடாது என்று நாம் சொல்ல முடியாது. நம் ஆண் மக்களுக்குக் கத்னா செய்கிறோம், தடுப்பூசி போடுகிறோம். அவற்றுக்கு வலுவான காரணம் இருக்கிறது. ஒன்று இப்ராஹீம் (அலை) வழிவந்த கட்டளை; மற்றொன்று உயிர்காப்பு. காதணிக்கு அப்படி என்ன காரணம்? அழகு. அழகு மார்க்கம் வெறுக்கிற ஒன்றன்று. ஆயினும் அது காத்திருக்கக் கூடிய காரணம். ஐந்து மாதக் குழந்தைக்குத் தன் காதில் மின்னுவது பொன்னா பித்தளையா என்று தெரியாது; அந்த அழகு பார்க்கிறவர்களுக்கே. நகைக்காக எந்த வயதிலும் குழந்தையைக் குத்தலாம் என்று அலட்சியமாய் இருந்துவிட்டு, கத்னாவுக்காக நாம் நீதிமன்றத்தில் வாதாடப் போனால், உங்களுக்கு எல்லாம் ஒன்றுதானே என்று கேட்பவனுக்கு என்ன சொல்வோம்? கஸ்ஸாலீ இமாம் கத்னாவை விலக்காக வைத்துக் காதுகுத்தைத் தனியே பிரித்ததன் ஆழம், ஜெர்மனிச் செய்தியைப் படித்த பிறகுதான் எனக்கு விளங்கியது.

மருத்துவச் செய்திகளுக்கு வருவோம். தாய்மார்கள் இவ்விடத்தைச் சற்று நின்று படியுங்கள்.

ரணஜன்னிக்கு எதிரான தடுப்பு மருந்து நம் நாட்டு அட்டவணைப்படி ஆறு, பத்து, பதினான்காம் வாரங்களில் தரப்படுகிறது. ஒன்றரை வயதை ஒட்டி ஊக்க ஊசி உண்டு. இந்த மூன்று தவணையும் முடியுமுன் நாற்பதாம் நாளில் காது குத்துவது அறியாமை. அமெரிக்கக் குழந்தை மருத்துவர் கழகம், புண்ணைத் தானே பேணிக்கொள்ளும் பக்குவம் குழந்தைக்கு வரும்வரை தள்ளிப்போடச் சொல்கிறது. சோணைத் துளை ஆற ஏறத்தாழ ஆறு வாரம் ஆகும். அந்த ஆறு வாரமும் கைக்குழந்தை காதைப் பிடித்து இழுக்கும், திருகாணியைக் கழற்றி வாயில் போடும். மேல்விளிம்புக் குருத்தெலும்பில் குத்துவது இன்னும் ஆபத்தானது. அங்கே கிருமி புகுந்தால் காதின் வடிவமே சிதையும். 2000ஆம் ஆண்டு அமெரிக்காவின் ஓரிகன் மாநிலத்தில் ஒரே கடையில் மேற்காது குத்திக்கொண்ட பலருக்கு இந்த நோய் கண்டது மருத்துவ இதழ்களில் பதிவாகியுள்ளது. அலுக்கத்தை இப்போது ‘ஃபேஷன்’ என்ற பெயரில் திரும்பக் கொண்டுவரும் கல்லூரி மாணவியருக்கு இதைச் சொல்லி வையுங்கள். கவரிங் நகையிலுள்ள நிக்கல் பலருக்கு ஒவ்வாது. முதல் தோடு நல்ல பொன்னாக இருக்கட்டும். கடைகளிலுள்ள துப்பாக்கிக் கருவியைவிட, உறை பிரித்த புது ஊசி மேல். நெகிழி பாகங்கள் கொண்ட கருவியைக் கொதிநீராவியில் முறையாகத் தூய்மை செய்ய இயலாது.

வலி தெரியாமலிருக்க மரத்துப்போகும் ஊசி போடலாமே என்று சிலர் கேட்பதுண்டு. 2025 பிப்ரவரியில் நம் அண்டை மாநிலமான கர்நாடகத்தில், சாமராஜநகர் மாவட்டம் குண்டலுப்பேட்டை வட்டத்தில், காது குத்தக் கொண்டுசென்ற ஆறு மாதக் குழந்தை அத்தகைய ஊசிக்குப்பின் நினைவிழந்து இறந்தது. மருந்து அளவுக்கு மிஞ்சிவிட்டதென்று பெற்றோர் குற்றம் சாட்டினார்கள். இன்னா லில்லாஹி வஇன்னா இலைஹி ராஜிஊன். ஒரு தோட்டுக்காக!

ஆனால் தள்ளிப்போடுவதற்கும் எல்லை உண்டு. அதைச் சொல்லாமல் விட்டால் நடுவுநிலை ஆகாது. கரிய, மாநிறத் தோலுடையவர்களுக்குக் குத்திய இடத்தில் சதை தடித்து வளரும் நோய் அதிகம். அதைக் கீலாய்டு என்கிறார்கள். 2005இல் ‘பீடியாட்ரிக்ஸ்’ என்ற மருத்துவ இதழில் வந்த ஓர் ஆய்வு, கீலாய்டு வரும் இயல்புடையவர்களில் பதினொரு வயதுக்கு முன் குத்தியவர்களைவிடப் பின்னர் குத்தியவர்களுக்கே அது மிகுதியாக வந்ததைக் காட்டியது. சின்ன வயதில் குத்தினால் சதை படியும் என்று நம் கிழவிகள் சொன்னதில் ஓர் உண்மை இருக்கத்தான் செய்கிறது.

ஆக, கீழே ஏழு, மேலே பதினொன்று. ஏழு வயது நமக்குப் புதிய எண்ணன்று. அந்த வயதில்தான் பிள்ளைகளைத் தொழ ஏவுமாறு அண்ணலார் (ஸல்) கற்பித்தார்கள். நன்மை தீமை பிரித்தறியும் பருவத்தை ஃபிக்ஹு நூலார் அங்கிருந்தே கணக்கிடுகிறார்கள். வலிக்கும் என்று சொன்னால் அக்குழந்தைக்கு விளங்கும். வேண்டும் என்றோ வேண்டாம் என்றோ சொல்லவும் தெரியும். காதைக் கழுவி வைத்துக்கொள்ளவும் இயலும். என் கருத்தில் இந்த நான்கு ஆண்டுகளே பொருத்தமான காலம். இதை ஃபத்வாவாகச் சொல்லவில்லை. தடுப்பூசிகள் முடிந்த பிறகு, தூய்மையான கையால், இதைவிடச் சிறு வயதில் குத்துகிறவர்களைக் குற்றவாளி என்று சொல்ல எனக்கு ஆதாரமில்லை. என் பெண்மக்கள் இருவருக்கும் ஒரு வயதில் குத்தியவன்தான் நான். ஊரோடு ஒத்துப்போனேன்.

ஆண் குழந்தைக்கு நேர்ச்சை என்றும், கண்ணேறு கழியும் என்றும் ஒற்றைக் காதில் குத்துவதை இன்னும் சில இல்லங்களில் காண்கிறேன். அதற்கு மார்க்கத்தில் எந்த இடமும் இல்லை. பேச்சை வளர்க்கவும் வேண்டாம்.

வளர்க்க வேண்டிய பேச்சு சீர் பற்றியது. 2025இல் பவுன் விலை எழுபதாயிரம் ரூபாயைத் தாண்டியபோது, நம் தெருக்களில் எத்தனை தாய்மாமன்களுக்கு உறக்கம் போயிருக்கும்? காது குத்துவது ஆகுமான செயல் என்று மேலே சொன்னேன். வட்டிக்கு நகைக்கடன் வாங்கிச் சீர் செய்வது ஆகுமான செயலன்று. அதை எதிர்பார்த்து நிற்பவர்களும் அந்தப் பொறுப்பிலிருந்து தப்ப முடியாது. வரதட்சணைக்கு எதிராக ஜும்ஆ மேடைகளில் எத்தனையோ பேசியாயிற்று. காதுகுத்து, சடங்கு, வளைகாப்பு என்று அதன் தம்பி தங்கைகள் பின்வாசல் வழியாக வருவதை நாம் கண்டும் காணாமல் இருக்கிறோம். மொய் நோட்டைப் புரட்டி, அவர்கள் இவ்வளவு செய்தார்கள், நாம் இவ்வளவு திருப்பிச் செய்ய வேண்டும் என்று கணக்குப் பார்க்கும் நேரத்தில், வலி பொறுத்த குழந்தை பக்கத்து அறையில் தூங்கிக்கொண்டிருக்கும். அதன் பெயரால் வாங்கிய கடன் அது பள்ளிக்கூடம் போகும்வரை கூட வரும்.

லாத்தா மகளிடம் இவ்வளவும் சொல்லவில்லை. குத்தினாலும் பாவமில்லை, குத்தாவிட்டாலும் பாவமில்லை என்றேன். கடன் வாங்கினால் பாவம், தம்பியை வாங்கச் செய்தாலும் பாவம் என்றேன். பிறகு, இத்தனை ஆண்டுகள் சொல்லாத ஒன்றையும் சொன்னேன்.

“உன் இடக்காதில் துளை விலகிப்போனதற்குப் பத்தர் காரணமில்லை. உன் தலையைப் பிடித்திருந்தது நான். என் கை நழுவிவிட்டது.”

அவள் தன் காதைத் தொட்டுப் பார்த்தாள். “உம்மா எப்போதும் பத்தரைத்தான் ஏசுவார்கள்” என்றாள். கொஞ்சம் சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

கதவோரத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்த மாமியார் ஒன்றும் பேசாமல் உள்ளே போனார். கோபித்துக்கொண்டார் என்றே நினைத்தேன். சற்று நேரத்தில் ஒரு சிறு டப்பாவைக் கொண்டுவந்து என் முன் வைத்துத் திறந்தார். பஞ்சுக்குள் கடுகளவு பெரிதாக இரண்டு பொன் தோடுகள். அவர் காதில் முதன்முதலாகப் போட்டவையாம். பேத்திக்கென்று எடுத்து வைத்திருந்தாராம். “புதுத் தோடு எதுவும் வேண்டாம், இது போதும். அந்தப் பையனிடம் கடைக்குப் போக வேண்டாமென்று சொல்லிவிடுங்கள்” என்றார். மண்டபத்துக்குக் கொடுத்த முன்பணம் திரும்ப வருமா என்பதுதான் அவருடைய அடுத்த கவலை. பாதியாவது வரும் என்று மகன் சொன்னான்.

குழந்தை அந்த டப்பாவை எட்டிப் பிடிக்க முயன்றது. அவர் அதை மூடிப் பீரோவில் வைத்துப் பூட்டிவிட்டு வந்து, “ஏழு வயது என்றால் அது எந்த வருஷம் ஹஜ்ரத்?” என்று கேட்டார்.

விரல் விட்டு எண்ணிப் பார்த்து, 2032 என்றேன்.

“அதுவரை நான் இருக்க வேண்டுமே” என்றார். இன்ஷா அல்லாஹ் என்று சொல்லிவிட்டு மஃரிபுக்குப் புறப்பட்டேன்.